அக்காக்கியோஸ் என்ற பெயருக்கு என்ன பொருள்?

ரஷ்ய எழுத்தாளர் கோகோல் எழுதிய 'மேல்கோட்டு' கதையைப் படித்த ஒருவர், அதன் நாயகன் பெயர் அக்காக்கி அக்காக்கியெவிச் என்று இருப்பதைக் கண்டு மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். அது ரஷ்யப் பெயரா, கிரேக்கப் பெயரா? அதன் பொருள் என்ன? அகேஷியா மரத்துக்கும் அந்தப் பெயருக்கும் உறவு உண்டா?

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் கிரேக்கம். மூல வடிவம் அக்காக்கியோஸ். 'தீமை இல்லாதவன்' என்பது நேர்ப்பொருள். மரத்தோடு உள்ள ஒற்றுமை பெரும்பாலும் ஒலியளவில்தான். பெயரகராதிகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் இந்தப் பெயரின் சுவை அதற்கு அப்பால்தான் தொடங்குகிறது. தீமை இல்லாதவன் என்றால் குற்றமற்றவனா, அல்லது எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிற ஏமாளியா? கிரேக்கர்கள் அந்தச் சொல்லை இரண்டு பொருளிலும் ஆண்டிருக்கிறார்கள். பெயரைத் தாங்கியவர்களின் வரலாறும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஓடுகிறது.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'கக்கோஸ்' என்றால் கெட்ட, தீய என்று பொருள். காதைக் கிழிக்கும் ஓசையைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் எடுத்துக்கொண்ட 'கக்கோஃபோனியா' என்ற சொல்லின் முற்பகுதி இதுதான். இதன் முன்னால் எதிர்மறை 'அ' சேர்ந்தால் 'அக்கக்கோஸ்', அதாவது தீமையற்ற. அதோடு 'இயோஸ்' என்ற ஈறு சேர்ந்தால் ஆண்பெயர். அப்போது அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்கிறது. அதனால்தான் தமிழில் 'கா' என்று நீட்டி எழுதுகிறேன். க் இரட்டித்திருப்பதற்கும் காரணம் உண்டு. அகாகியோஸ் என்று எழுதினால் நம் வாய் தானாகவே ககரத்தை மென்மையாக்கிவிடும். கிரேக்கத்தில் அது வல்லோசை.

அந்த 'அ' நமக்கு அந்நியம் இல்லை. அநீதி, அசுத்தம், அதர்மம் என்று வடமொழி வழியாக வந்து தமிழில் புழங்கும் சொற்களின் முன்னால் நிற்கிற 'அ'வும், அக்காக்கியோஸின் 'அ'வும் ஒரே இந்தோ ஐரோப்பிய மூலத்திலிருந்து பிறந்தவை. உயிரெழுத்துக்கு முன்னால் இரண்டுமே 'அன்' ஆகும். வடமொழியில் அந்தம் இல்லாதது அனந்தம். கிரேக்கத்தில் ஆட்சி இல்லாத நிலை அனார்க்கியா. எனவே அக்காக்கியோஸுக்கு நம்மிடம் ஓர் உடன்பிறப்பைத் தேடினால் 'அமலன்' என்ற பெயரைக் காட்டலாம். மலம், அதாவது மாசு, இல்லாதவன். சிவனையும் அமலன் என்கிறோம். மாசின்றிக் கருவான மரியாளை அமலோற்பவ மாதா என்கிறோம். நல்ல குணத்தைச் சொல்வதற்குக் கெட்டதன் இன்மையைச் சொல்கிற அதே முறை.

கிரேக்கத்தில் இந்த முறையில் அமைந்த பெயர்கள் ஏராளம். அதனாசியோஸ் சாவில்லாதவன். அலீப்பியோஸ் துயரமற்றவன். அனிக்கித்தோஸ் வெல்லப்படாதவன். அகிந்தினோஸ் ஆபத்தில்லாதவன். இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அனார்கிரோஸ். வெள்ளி இல்லாதவன், அதாவது காசு வாங்காதவன் என்று பொருள். கட்டணம் பெறாமல் வைத்தியம் பார்த்த புனிதர்களான கோஸ்மாஸ், தமியானோஸ் இருவருக்கும் வழங்கிய அடைமொழி, பிறகு பிள்ளைகளின் பெயராயிற்று. ஒரு எச்சரிக்கை: 'அ' என்று தொடங்கும் எல்லாப் பெயரையும் இப்படிப் பிரித்துவிடக் கூடாது. அனஸ்தாசியோஸ் என்பது உயிர்த்தெழுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதில் எதிர்மறை எதுவும் இல்லை.

சொல் மிகப் பழையது. ஹோமரின் இலியாதில் ஹெர்மிஸ் கடவுளுக்கு 'அக்காகீத்தா' என்ற அடைமொழி வருகிறது. அதைத் தீங்கு செய்யாதவன், அருளுடையவன் என்றுதான் பழைய உரைகாரர்கள் விளக்கினார்கள். ஆர்க்கேடியா மலைநாட்டில் அக்காகீசியோன் என்று ஓர் ஊர் இருந்தது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தைச் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியாஸ், குழந்தை ஹெர்மிஸை அங்கே வளர்த்தவன் லிக்காவோனின் மகன் அக்ககோஸ் என்று அந்த ஊரார் சொன்னதைக் குறித்து வைத்திருக்கிறார். லிக்காவோன் யார் தெரியுமா? சேயுஸுக்கு நரமாமிசம் படைத்து, தண்டனையாக ஓநாய் ஆனவன். அவன் வீட்டில் 'தீங்கற்றவன்' என்று ஒரு மகன்!

கி.மு. 472-இல் ஏதென்ஸில் அரங்கேறிய ஈஸ்கிலோஸின் 'பாரசீகர்கள்' நாடகத்தில் இந்தச் சொல் இன்னும் வியப்பான இடத்தில் வருகிறது. சலாமிஸ் கடற்போரில் தோற்று நொந்த பாரசீக முதியவர்கள், இறந்துபோன தாரியஸ் மன்னனின் ஆவியைக் கல்லறையிலிருந்து அழைக்கிறார்கள். அப்போது அவனை, தந்தையே, அக்ககோஸ் தாரியஸே என்கிறார்கள். எங்களுக்குக் கேடு செய்யாதவனே என்று பொருள். போர் முடிந்து எட்டே ஆண்டுகள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் அந்தப் பாரசீகப் படையோடு நேருக்கு நேர் மோதியவர்கள். எதிரி நாட்டு அரசனுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க ஒரு ஏதென்ஸ் கவிஞனுக்கு மனம் வந்திருக்கிறது.

இவையெல்லாம் சொல்லின் உயர்ந்த முகம். மறுமுகத்தைக் காண நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. கிரேக்க வேதாகமத்தையும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்து, 'அக்ககோஸ்' வரும் இடங்களைத் தேடுவேன். எபிரெயர் 7:26-இல் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்லும்போது அது வருகிறது. தமிழில் அங்கே 'குற்றமற்றவர்'. ரோமர் 16:18-இல் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்கள் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லும் இடத்திலும் அதே சொல், தமிழில் 'கபடில்லாதவர்கள்'. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் யோபுவை இந்தச் சொல்லால்தான் கடவுள் புகழ்கிறார். அந்த வசனத்தில் நம் தமிழில் 'உத்தமன்' என்று இருக்கிறது. பிறகு நீதிமொழிகள் 14:15-க்கு வாருங்கள். எந்த வார்த்தையையும் நம்பிவிடுகிறவன் யார் என்றால், கிரேக்கத்தில் மறுபடியும் அக்ககோஸ். எபிரேயத்திலிருந்து வந்த தமிழ் வசனம் அவனைப் 'பேதை' என்கிறது.

குற்றமற்றவர், கபடில்லாதவர், உத்தமன், பேதை. ஒரே கிரேக்கச் சொல் நின்ற நான்கு இடங்களில் தமிழில் நான்கு வெவ்வேறு சொற்கள். மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்யவில்லை. தீமை செய்யத் தெரியாதவனுக்குப் பிறர் செய்யப்போகும் தீமையை மோப்பம் பிடிக்கவும் தெரியாது என்ற பழைய அனுபவம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

தமிழருக்கு இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 'அப்பாவி' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. பாவி அல்லாதவன். அதே 'அ', அதே அமைப்பு. குண்டுவெடிப்பில் அப்பாவி மக்கள் இறந்தார்கள் என்று செய்தித்தாள் எழுதும்போது குற்றமற்றவர்கள் என்று பொருள். அவன் சுத்த அப்பாவி, அவனிடம் போய்ப் பணத்தைக் கொடுத்தாயே என்று வீட்டில் பேசும்போது விவரம் தெரியாதவன் என்று பொருள். அக்ககோஸ் நடந்த பாதையும் இதுவேதான். 'வெகுளி' வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. திருக்குறளில் வெகுளாமை என்று ஓர் அதிகாரமே உண்டு. அங்கே வெகுளி என்றால் கோபம். இன்று வெகுளி என்றால் சூதுவாது தெரியாதவர். கோபத்தைக் குறித்த சொல் கோபமே வராத மனிதருக்குப் பெயரானது தமிழ்ச் சொல் வரலாற்றில் நான் மிகவும் ரசிக்கும் திருப்பம்.

கேள்விக்குத் திரும்புகிறேன். அக்காக்கியோஸ் என்ற வடிவம் ஆட்பெயராகப் பரவியது ரோமப் பேரரசின் பிற்காலத்தில். எவுசேபியோஸ், கிரிகோரியோஸ், அம்ப்ரோசியோஸ் என்று ஒரு குணத்தைச் சொல்லி 'இயோஸ்' என்று முடியும் பெயர்கள் அப்போது பெருகின. கிறிஸ்தவர்களுக்கு அவை மிகவும் ஒத்துப்போயின. 4, 5-ஆம் நூற்றாண்டுகளில் கிழக்குத் திருச்சபையில் அக்காக்கியோஸ் என்ற ஆயர்கள் பல ஊர்களில் இருந்தார்கள். சிசேரியாவில் ஒருவர், பெரோயாவில் ஒருவர், அமீதாவில் ஒருவர், கான்ஸ்டான்டிநோபிளில் ஒருவர். வரலாறு படிப்பவர்கள் இவர்களை ஒருவரோடு ஒருவர் குழப்பிக்கொள்வது வழக்கம்.

பெயரை வழிபாட்டுக்குரியதாக்கியவர் ஆயர் அல்லர், ரோமப் படையில் நூற்றுவர் தலைவராக இருந்த அக்காக்கியோஸ். பேரரசர் தியோக்லேஷியன் காலத்தில் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது, ஏறக்குறைய 303-இல், பைசாந்தியத்தில் (பிற்காலத்துக் கான்ஸ்டான்டிநோபிள்) கொல்லப்பட்டவர். சோக்ரதீஸ் என்ற 5-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் (தத்துவஞானி சோக்ரதீஸ் வேறு) இவரைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். கான்ஸ்டான்டிநோபிளில் 'காரியா' என்று ஒரு பெரிய கட்டடம் இருந்தது. காரியா என்றால் அக்ரூட் மரம். முற்றத்தில் அந்த மரம் நின்றது; அதில்தான் அக்காக்கியோஸைத் தூக்கிலிட்டார்கள் என்று மக்கள் நம்பினார்கள். பக்கத்தில் சிறு கோயில். ஒரு நாள் ஆர்க்கேடியஸ் பேரரசர் அங்கே வந்து வேண்டிக்கொண்டு கிளம்பினார். அரசரைப் பார்க்க அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்கள் எல்லோரும், பெண்கள் குழந்தைகள் உட்பட, தெருவுக்கு ஓடினார்கள். கடைசி ஆள் வெளியேறியதும் கோயிலைச் சுற்றியிருந்த கட்டடம் முழுவதும் இடிந்து விழுந்தது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. தீங்கு இல்லாதவனின் கோயிலில் தீங்கு நேரவில்லை என்று அந்த ஊரார் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

அதே சோக்ரதீஸ் சொல்லும் இன்னொரு அக்காக்கியோஸை நான் எல்லோரிலும் மேலாக மதிக்கிறேன். அவர் அமீதா நகரின் ஆயர். அமீதா என்பது இன்றைய துருக்கியில் உள்ள தியார்பகிர். 421, 422-ஆம் ஆண்டுகளில் ரோமருக்கும் பாரசீகருக்கும் போர். ரோமப் படைவீரர்கள் ஏறத்தாழ 7,000 பாரசீகரைச் சிறைபிடித்து வைத்திருந்தார்கள். திருப்பி அனுப்பவும் மாட்டேன் என்றார்கள், சோறும் இல்லை. கைதிகள் பசியில் மடிந்துகொண்டிருந்தார்கள். அக்காக்கியோஸ் தம் குருமார்களைக் கூட்டி, நம் கடவுளுக்குத் தட்டும் தேவையில்லை, கிண்ணமும் தேவையில்லை. அவர் உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை என்றார். தேவாலயத்தில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுத்த பொன், வெள்ளிப் பாத்திரங்கள் நிறைய இருந்தன. அவற்றை உருக்கி விற்றார். அந்தப் பணத்தைப் படைவீரர்களிடம் கொடுத்துக் கைதிகளை மீட்டார். சில காலம் அவர்களுக்குச் சோறு போட்டு, வழிச்செலவுக்கும் கொடுத்து, அவர்களுடைய அரசனிடமே அனுப்பி வைத்தார். பாரசீக அரசன் வியந்துபோய் அந்த ஆயரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் அனுமதி கொடுத்தார்.

தீமையற்றவன் என்றால் ஏமாளி என்று நினைப்பவர்களுக்கு இந்த மனிதரைக் காட்ட வேண்டும். படைவீரர்களுக்கு உபதேசம் எடுபடாது, காசுதான் எடுபடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சொத்தைக் கரைத்தால் யாருக்கும் வலிக்காது என்றும் தெரிந்திருந்தது. கள்ளமில்லாத மனமும் விவரமான தலையும் ஒரே ஆளிடம் இருந்திருக்கின்றன.

கான்ஸ்டான்டிநோபிளின் முதுபெரும் தலைவராக 472 முதல் 489 வரை இருந்த அக்காக்கியோஸைப் பற்றியும் சொல்ல வேண்டும், சுருக்கமாகவே சொல்கிறேன். கிறிஸ்துவின் இயல்பைப் பற்றிய சண்டையில் பிரிந்து நின்றவர்களைச் சேர்த்து வைக்க, 482-இல் சேனோ பேரரசர் வெளியிட்ட ஒற்றுமை அறிக்கைக்குப் பின்னால் இருந்தவர் இவர். அது ஒற்றுமையைக் கொண்டுவரவில்லை. 484-இல் திருத்தந்தை மூன்றாம் பெலிக்ஸ் இவரைச் சபையிலிருந்து விலக்கினார். அந்த ஓலையை, இவர் வழிபாடு நடத்திக்கொண்டிருந்தபோதே ஒரு துறவி இவருடைய மேலாடையில் குத்திவிட்டார். ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் 519 வரை 35 ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன. திருச்சபை வரலாற்றில் அதற்கு 'அக்காக்கியப் பிளவு' என்று பெயர். தீமையற்றவன் என்ற பெயர் ஒரு பெரும் பிளவின் தலைப்பாக நிற்கிறது.

இனி ரஷ்யக் கதைக்கு நேராக இட்டுச் செல்லும் அக்காக்கியோஸ். 7-ஆம் நூற்றாண்டில் சினாய் மலை மடத்தின் தலைவராக இருந்த யோவான் கிளிமாக்கோஸ், துறவு வாழ்க்கையைப் படிப்படியாக ஏறும் ஏணியாக வைத்து ஒரு நூல் எழுதினார். கீழ்ப்படிதலைப் பேசும் நான்காம் படியில் ஓர் இளைஞனின் கதை வருகிறது. அக்காக்கியோஸ் என்ற எளிய மனம் கொண்ட அந்தச் சீடன், ஒரு கொடுமைக்கார முதியவரிடம் மாட்டிக்கொண்டான். தினமும் அடி, வசை. கதையைச் சொன்ன துறவி அவனைக் காணும்போதெல்லாம், சகோதரா, இன்று எப்படி இருக்கிறாய் என்று கேட்பார். அவன் வாய் திறக்க மாட்டான். ஒரு நாள் கன்றிப்போன கண்ணைக் காட்டுவான். ஒரு நாள் கழுத்தைக் காட்டுவான். இன்னொரு நாள் தலையில் பட்ட காயத்தைக் காட்டுவான். ஒன்பது ஆண்டுகள் இப்படியே கழித்துச் செத்துப்போனான். ஐந்து நாள் கழித்து, அவன் இறந்துவிட்டான் என்று அந்த முதியவர் இன்னொரு பெரியவரிடம் சொன்னார். பெரியவர் நம்பவில்லை. கல்லறைக்குப் போய், சகோதரா அக்காக்கியோஸ், இறந்துவிட்டாயா என்று கேட்டார். கீழ்ப்படிகிறவன் எப்படி இறப்பான் என்று உள்ளிருந்து குரல் வந்தது. நடுங்கிப்போன முதியவர் அந்தக் கல்லறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் தங்கி, நான் கொலை செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே மீதி வாழ்நாளைக் கழித்தார்.

நூலாசிரியர் இதைக் கீழ்ப்படிதலின் பெருமையாகச் சொல்கிறார். என்னால் அப்படிப் படிக்க முடியவில்லை. கழுத்துக் காயத்தைக் காட்டுகிற பையனைப் பார்த்தவர்கள், பொறுத்துக்கொள், பயன் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனது என்னை ஒவ்வொரு முறையும் உறுத்துகிறது. ஆனால் கடைசியில் கதையே கொலை என்ற சொல்லை அந்த முதியவர் வாயிலிருந்து வரவழைக்கிறது. அந்த நேர்மைக்காக இதை மன்னிக்கிறேன்.

இந்த ஏணி நூல் ரஷ்யத் துறவு மரபில் பெரும் செல்வாக்குப் பெற்றது. கோகோலின் நாயகனையும் இந்த இளைஞனையும் சேர்த்து வைத்துப் படித்த ஆய்வாளர்கள் உண்டு. 1842-இல் வெளியான கதையில் அக்காக்கி ஓர் அலுவலகத்தின் கடைநிலை எழுத்தர். தாள்களைப் படியெடுப்பதே வேலை. சக ஊழியர்கள் கேலி செய்கிறார்கள். கிழித்த காகிதத் துண்டுகளைத் தலையில் கொட்டுகிறார்கள். பொறுக்க முடியாமல் போகும்போது மட்டும், என்னை விடுங்கள், ஏன் இப்படித் துன்புறுத்துகிறீர்கள் என்கிறார். புதிதாக வேலைக்கு வந்த ஓர் இளைஞன் காதில் அந்தச் சொற்கள் 'நான் உன் சகோதரன்' என்று ஒலிக்கின்றன. சினாய் நூலில் அடிபட்டவனைச் சகோதரா என்று அழைத்துக் கேட்கிறார்கள். இங்கே அடிபட்டவனே சகோதரன் என்று உணர வைக்கிறான். இரண்டு அக்காக்கிகளும் உயிரோடு இருக்கும்போது அதிகம் பேசுவதில்லை. செத்த பிறகுதான் ஒருவன் கல்லறையிலிருந்து பேசுகிறான். மற்றவன் பேயாக வந்து மேல்கோட்டுகளைப் பறிக்கிறான்.

பெயர் வைக்கும் காட்சியையும் கவனியுங்கள். தாய்க்கு முதலில் மொக்கி, சொஸ்ஸி, ஹொஸ்தஸாத் என்று மூன்று பெயர்களைச் சொல்கிறார்கள். நாட்காட்டியைப் புரட்டினால் திரிஃபீலி, தூலா, வரகாசி. இன்னொரு பக்கம் புரட்டினால் பவ்சிகாகி, வக்தீசி. எதுவும் பிடிக்காமல், அப்பா பெயர் அக்காக்கிதானே, மகனுக்கும் அதுவே இருக்கட்டும் என்று முடிக்கிறாள். ரஷ்யக் காதில் இந்தப் பெயர், குழந்தைகள் மலத்துக்குச் சொல்லும் சொல்லைப் போல ஒலிக்கும். வாசகர் சிரிப்பார் என்று கோகோலுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பட்டியலில் வந்த பவ்சிகாகியைக் கிரேக்கத்தில் வைத்துப் பார்த்தால் பவ்சிகாகோஸ். 'தீமையை நிறுத்துகிறவன்' என்று பொருள். அந்தப் பெயரில் சின்னாதா நகரத்து ஆயர் ஒருவர் புனிதராக இருக்கிறார். அதே 'கக்கோஸ்'! தீமையை நிறுத்துகிறவன் என்ற பெயரை வேண்டாம் என்று ஒதுக்கிய தாய், தீமை இல்லாதவன் என்ற பெயரை மகனுக்குக் கொடுத்தாள். கதை முழுவதும் அவனால் தனக்கு நேரும் தீமையை நிறுத்த முடியவே இல்லை.

மரத்தின் கேள்விக்கு வருவோம். கிரேக்கத்தில் 'அக்காக்கியா' என்று எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று தீமையின்மை என்ற குணம். மற்றது எகிப்தில் வளரும் முள்மரம். முதல் நூற்றாண்டு மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் அதன் மருந்துக் குணங்களை எழுதியிருக்கிறார். மரத்தின் பெயரை முள்முனையைக் குறிக்கும் 'அக்கிஸ்' என்ற சொல்லோடு இணைப்பதே வழக்கமான விளக்கம். எனவே முள்ளுக்கும் தீமையின்மைக்கும் பிறப்பில் உறவு இல்லை. எழுத்தில் மட்டும் இரட்டையர்கள். தியோஸ்கோரிதீஸ் சொல்லும் அந்த மரம் வேறெதுவும் இல்லை, நம் கண்மாய்க் கரைகளில் நிற்கும் கருவேல மரம்தான். பிசின் எடுப்போமே, பல் துலக்கக் குச்சி ஒடிப்போமே, அதே மரம். சீமைக் கருவேலத்தை இதோடு சேர்த்துவிடாதீர்கள். அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த வேறு இனம். தாவரவியலாளர்கள் 2005-இல் அகேஷியா என்ற பேரினப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டதால், பெயருக்கு மூலமான கருவேலம் இப்போது வாக்கெலியா என்ற பேரினத்தில் இருக்கிறது. மூத்த பிள்ளையிடமிருந்து குடும்பப் பெயரைப் பறித்த கதை இது. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

அக்காக்கியா என்ற சொல்லுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. பைசாந்தியப் பேரரசர்கள் சடங்கு நாட்களில் கையில் ஒரு சிறிய பட்டுச் சுருளைப் பிடித்திருப்பார்கள். உள்ளே மண். நீயும் மண்தான் என்று ஆள்பவனுக்கு நினைவூட்டும் பை அது. அதன் பெயர் அக்காக்கியா. இஸ்தான்புல்லின் ஹாகியா சோஃபியாவில், வடக்கு மாடத்தில், 912-913-இல் ஆண்ட அலெக்சாந்தர் பேரரசரின் மொசைக் ஓவியம் இருக்கிறது. நகைகள் பதித்த உடை, ஒரு கையில் உலக உருண்டை. மற்றொரு கையில் அந்தச் சுருள். உருண்டை முதலில் கண்ணில் படும். சுருளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

மேற்கு ஐரோப்பாவுக்குப் போனபோது பெயர் உருமாறியது. ஸ்பெயினில் அக்காசியோ, ஜெர்மனியில் அக்காத்தியுஸ், இத்தாலியின் கலாப்ரியாவில் அகாசியோ. இலத்தீனில் அகாத்தியுஸ் என்றும் எழுதினார்கள்; 'அகாத்தோஸ்' என்றால் கிரேக்கத்தில் நல்லவன். கெட்டவன் அல்லாதவன் என்று புறப்பட்ட பெயர், எழுத்துப் பிழையால் நல்லவன் ஆகிவிட்டது. ஜெர்மானிய நாடுகளில் நூற்றுவர் தலைவர் அக்காக்கியோஸை ஆபத்துக்கு உதவும் பதினான்கு புனிதர்களுள் ஒருவராகத் தலைவலிக்கு வேண்டிக்கொண்டார்கள். அராராத் மலையில் பதினாயிரம் வீரர்கள் உயிர்நீத்த புராணத்தில் அவர்களின் தலைவர் பெயரும் இதுவே. அந்தக் காட்சியை ஜெர்மன் ஓவியர் டியூரர் 1508-இல் தீட்டினார், ஓவியம் வியன்னாவில் இருக்கிறது. ஓவியர்கள் இந்தப் புனிதரின் கையில் முட்கிளை ஒன்றைக் கொடுப்பது வழக்கம். புராணத்தில் வீரர்களை முட்களின் மேல் எறிந்ததுதான் அதற்குக் காரணம். ஆனாலும் மரத்தோடு உறவில்லாத பெயருக்குக் கடைசியில் முள் வந்து சேர்ந்துவிட்டது.

இன்றைய கிரேக்கத்தில் அக்காக்கியோஸ் என்ற பெயரைத் தெருவில் கேட்பது அரிது. பெரும்பாலும் மடங்களில்தான் கேட்கலாம். துறவு ஏற்கும்போது புதுப்பெயர் கொடுக்கும் வழக்கம் இப்படிப்பட்ட பெயர்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆதோஸ் மலையில் கவ்சோகலீவியா துறவியர் குடியிருப்போடு இணைந்த, 1730-இல் மறைந்த அக்காக்கியோஸ் அப்படிப்பட்ட ஒருவர். வீடுகளில் இது பிழைத்திருந்தால் தாத்தா வழியாகத்தான் பிழைத்திருக்கும். தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது கிரேக்கரிடமும் உறுதியான வழக்கம். பெயரைத் தாங்குவதால்தான் அவன் பெயரன், பேரன் என்பது தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயர் விழா மே 7. 'அக்ககோஸ்' என்ற சொல்லோ இன்றும் பேச்சில் இருக்கிறது. யாரையும் புண்படுத்தாத நகைச்சுவைக்கும், ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதருக்கும் அதைச் சொல்வார்கள்.

இந்தப் பெயர் நிழல் எதுவும் படியாமல் வாழும் நாட்டைப் பார்க்க வேண்டுமானால் ஜார்ஜியாவுக்குப் போக வேண்டும். ஜார்ஜிய மொழி கிரேக்கப் பெயர்களின் 'ஓஸ்' ஈற்றைக் கழற்றி 'இ' சேர்க்கும். கியோர்கியோஸ் அங்கே கியோர்கி, அக்காக்கியோஸ் அங்கே அக்காக்கி. ரஷ்யன் சிரித்த அதே வடிவம். அந்த நாட்டின் பெருங்கவிஞர்களுள் ஒருவர் அக்காக்கி செரெத்தெலி, 1840-இல் பிறந்து 1915-இல் மறைந்தவர். காதலியின் கல்லறையைத் தேடி அலையும் 'சுலிக்கோ' பாடல் அவருடைய கவிதை. குத்தாயிசி நகரின் பல்கலைக்கழகம் அவர் பெயரில் இயங்குகிறது. ஜார்ஜியர்கள் அவரைக் குறிப்பிடும்போது குடும்பப் பெயரைச் சேர்க்க வேண்டும் என்றுகூட இல்லை; அக்காக்கி என்றாலே போதும், யார் என்று எல்லோருக்கும் தெரியும்.